மருந்துக்கு முன் பெயர்: மரப்பூச்சி ஆய்வுச் சேவை ஒன்றின் மதிப்புரை

வீட்டு மரத்தைப் பூச்சி அரிக்கிறதா, அரிக்கிறதென்றால் எந்தப் பூச்சி, அது இப்போதும் உள்ளே உயிரோடு இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை தேடி, அதை எழுத்தில் தரும் சேவை ஒன்றை நான்கு மாதங்களுக்கு முன் பயன்படுத்தினேன். மருந்து அடிப்பது இந்தச் சேவையில் சேராது. பார்த்துச் சொல்வதற்கு மட்டுமா கட்டணம் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இன்று அந்தச் சந்தேகம் இல்லை என்றாலும், சேவையில் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இத்தகைய சேவையில் நிறுவனத்தைவிட வீட்டுக்கு வருகிற ஆளே முக்கியம் என்பதால், எந்த நிறுவனத்தை அழைத்தாலும் வருபவர் என்ன செய்தால் அது ஒழுங்கான ஆய்வு என்று தெரிந்துகொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் முன்கதையைச் சொல்லிவிட வேண்டும். ஓராண்டுக்கு முன் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் வெள்ளையாகத் தூள் கொட்டத் தொடங்கியது. பூச்சி மருந்து அடிக்கும் வேறொரு நிறுவனத்தை அழைத்தேன். வந்தவர் அலமாரியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், அறை வாசலில் நின்றபடியே "கரையான்தான் சார்" என்றார். மறுநாள் இரண்டு பேர் வந்து சுவரோரமாகத் தரையில் வரிசையாகத் துளையிட்டு மருந்தை ஊற்றி, துளைகளை வெள்ளைச் சிமெண்டால் அடைத்துவிட்டுப் போனார்கள். சுத்தமாகவே வேலை செய்தார்கள். ஆனால் அடுத்த வாரமே அலமாரித் தட்டில் மீண்டும் தூள். தொலைபேசியில் கேட்டபோது, மருந்து வேலை செய்ய நாளாகும் என்றார்கள். பிறகு அலமாரியின் மேலேயே ஒருமுறை தெளித்தார்கள். அதன்பின் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் என்னை ஏமாற்றினார்கள் என்று இப்போது நான் நினைக்கவில்லை. ஊற்றிய மருந்து மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே தடுப்பாக நிற்கக்கூடியது. மண்ணிலிருந்து ஏறிவரும் கரையானுக்கு அது சரியான வைத்தியமே. என் அலமாரியில் இருந்த பூச்சியோ மண்ணைத் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொடாத பூச்சி.

இந்த முறை அழைத்த ஆய்வுச் சேவை, நாள் குறிக்கும்போதே ஒரு வேண்டுகோளை வைத்தது. நாங்கள் வரும்வரை மூன்று நாட்களுக்கு அந்தத் தூளைக் கூட்டவோ துடைக்கவோ வேண்டாம். உதிர்ந்த சிறகோ செத்த பூச்சியோ கண்ணில் பட்டால் எறியாமல் ஒரு காகிதத்தில் மடித்து வையுங்கள் என்றார்கள். தடயத்தைக் கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டு நிபுணரை வரவழைப்பதுதான் நம் வழக்கம். அந்த ஒரு வேண்டுகோளிலேயே இவர்கள் வேறு மாதிரியானவர்கள் என்று எனக்குப் பட்டது.

வந்தவர் ஒரே ஆள். கைப்பையில் ஒரு டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய லென்ஸ், முனை மழுங்கிய திருப்புளி, இரண்டு ஊசி முனைகள் கொண்ட ஈரப்பதமானி, சில கண்ணாடிக் குப்பிகள், கறுப்புக் காகிதத் தாள்கள், இவற்றோடு வெப்பப் படம் எடுக்கும் கருவி ஒன்று. உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ஏற்கெனவே மருந்து அடித்திருக்கிறீர்களா, எங்கே, எப்போது என்பது. இரண்டாவது கேள்வி, அலமாரி செய்து எத்தனை ஆண்டாகிறது என்பது. அந்த இரண்டாவது கேள்வியின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அலமாரித் தட்டில் கிடந்த தூளைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்; என்னையும் தேய்க்கச் சொன்னார். முகத்துக்குப் போடும் பவுடர் போல, விரல் ரேகைக்குள் புகுந்துகொள்ளும் அளவுக்கு நைசாக இருந்தது. ஒரு மணல் பொடிகூட உறுத்தவில்லை. பிறகு தட்டின் அடிப்பக்கத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். நேராகப் பிடித்தபோது தெரியாத துளைகள், சாய்வான வெளிச்சத்தில் குண்டூசியால் குத்தினாற்போல ஒன்றொன்றாகத் தெரிந்தன: முழு வட்டம், ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் எதுவும் இல்லை. லிக்டஸ் வகை வண்டு என்றார். மரத்தை உளுக்கச் செய்து மாவாக்கும் பூச்சி என்று நம் பெரியவர்கள் பேசும்போது பெரும்பாலும் இதன் வேலையைத்தான் சொல்கிறார்கள். மரத்தைத் தின்பது வண்டு அல்ல, அதன் புழு. புழு உள்ளே மாதக்கணக்கில் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாக மாறி வெளியேறும்போது போடும் வாசல்தான் நாம் காணும் துளை. ஆகவே துளை தெரிகிற நாளில் சேதம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

அலமாரியின் வயதை அவர் கேட்டதற்குக் காரணமும் இங்கேதான் வந்தது. இந்த வண்டின் புழுவுக்கு மரத்தில் இருக்கும் மாவுச்சத்து வேண்டும். அது மரத்தின் வைரம் பாயாத, வெளிர்நிற ஓரப் பகுதியில்தான் இருக்கிறது. அதுவும் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போகிறது. எனவே இது புது மரத்தின் நோய். பாட்டன் காலத்துப் பெட்டியில் இதைத் தேடுவது பெரும்பாலும் வீண். பெண் வண்டு மரத்தின் நுண்துளைகளுக்குள் முட்டையிடுகிறது. அதனால் அகன்ற துளைகள் கொண்ட அகல இலைக் கடினமரங்களைத்தான் நாடுகிறது, பைன் போன்ற ஊசியிலை மரங்களில் இது வருவதில்லை. வார்னிஷ் பூசி அடைத்த மரத்தில் புதிதாக முட்டையிட அதற்கு வழியில்லை. அப்படியானால் வார்னிஷ் பூசிய என் அலமாரிக்குள் அது எப்படி வந்தது? மரக்கடையிலோ தச்சுப் பட்டறையிலோ பலகையாகக் கிடந்தபோதே வந்துவிட்டது. நான் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறேன். சுவரோரத் தரையில் துளையிட்டு மருந்து ஊற்றிய நாளை நினைத்துச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

ஆய்வாளர் அந்த அலமாரியோடு நிறுத்தியிருந்தால்கூட எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் அவர் பக்கத்து அறையின் பழைய துணிப் பெட்டகத்தையும் பார்க்க வேண்டும் என்றார். அதன் காலடியிலும் தூள் உண்டு. நான் இரண்டையும் ஒரே முறத்தில் கூட்டி அள்ளியவன், இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன். ஒரு கறுப்புத் தாளின் இடப்பக்கம் அலமாரித் தூளையும் வலப்பக்கம் பெட்டகத்தின் தூளையும் வைத்து, தாளை மெல்லச் சாய்த்தார். இடப்பக்கத்துத் தூள் நகரவில்லை. தாளைத் தட்டியதும் வெள்ளைத் தடம் விட்டுச் சரிந்தது. வலப்பக்கத்தில் இருந்தவை உருண்டோடின. லென்ஸை வைத்துப் பார்த்தபோது அவை தூளே அல்ல, தனித்தனி மணிகள் என்று தெரிந்தது: ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம், இரு முனைகளும் மழுங்கல், பக்கவாட்டில் ஆறு முகங்கள், ஒவ்வொரு முகமும் உள்வாங்கினாற்போலக் குழிந்திருந்தது. சில வெளிர் மஞ்சள், சில காப்பிப் பொடி நிறம். யாரோ அச்சில் வார்த்தது போல அத்தனையும் ஒரே வடிவம்.

இவை உலர்மரக் கரையானின் எச்சம். மண்ணில் புற்றெடுக்காமல், காய்ந்த மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும் கரையான் இது. மரத்தில் இருக்கும் சொற்ப ஈரத்தையும் வீணாக்காமல் உடல் உறிஞ்சிக்கொள்வதால், குடலின் கடைசிப் பகுதியில் பிழியப்பட்ட கழிவு இப்படி அறுகோண மணியாக வெளியே வருகிறது. அதை அது குடியிருக்கும் வளையில் குவித்து வைக்காமல், சிறு துளை ஒன்றின் வழியாக வெளியே தள்ளிவிட்டு மீண்டும் துளையை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் நாம் துளையைத் தேடினால் கிடைப்பதில்லை, கீழே குவியல் மட்டும் கிடக்கிறது. துளை திறந்திருக்க, அதன் வாயிலிருந்து நைசான தூள் வழிந்தால் வண்டு. துளை மூடியிருக்க, கீழே மணி மணியாகக் குவிந்தால் உலர்மரக் கரையான். இந்த ஒரு வேறுபாட்டைக் கற்றுக்கொண்டதற்கே நான் கொடுத்த கட்டணம் ஈடாகிவிட்டது. இரண்டையும் பிரிக்கத் தேவைப்பட்டது ஒரு கறுப்புத் தாளும் மலிவான லென்ஸும்தான் என்பது வேறு விஷயம். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாதவன் கையில் லென்ஸ் இருந்து என்ன பயன்?

அடுத்து குளியலறைக் கதவு நிலை. அதன் அடிப்பகுதியில், சுவரும் மரமும் சேரும் மூலையில், பென்சில் தடிமனுக்கு ஒரு மண் கோடு முழங்கால் உயரம்வரை ஏறியிருந்தது. வர்ணத்துக்குப் பின்னால் மறைந்திருந்ததால் நான் அதைக் கவனித்ததே இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்த, புற்றுக் கட்டும் மண் கரையானின் பாதை. அதன் உடல் மெல்லியது, காற்றுப் பட்டால் காய்ந்துவிடும். அதனால் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய் கட்டி, அதற்குள் ஈரத்தோடு ஒளிந்து மரத்தை நோக்கி வருகிறது. இதன் வேலை தூளே கொட்டாது. மரத்தின் மென்மையான வளையங்களைத் தின்று கடினமான வளையங்களை விட்டுவைப்பதால், உள்ளே புத்தகத் தாள்களைப் போல அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். நடுவே மண் அப்பியிருக்கும். மேல் வர்ணம் மட்டும் அப்படியே இருக்கும். திருப்புளியின் பிடியால் தட்டியபடி அவர் மேலிருந்து கீழே வந்தார். இடுப்பளவில் கணீரென்ற ஒலி, முழங்காலுக்குக் கீழே பொத்தலான ஒலி.

இங்கே அவர் செய்த காரியம் எனக்குப் பிடித்தது. மண் குழாயை முழுவதும் உடைக்காமல், நடுவில் விரல் அகலத்துக்கு மட்டும் உடைத்தார். உள்ளே வெறுமையாக இருந்தது. மண் உலர்ந்து உதிர்ந்தது. ஆனாலும் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. கரையான் உள்ளே இருந்தால் இந்த உடைசலை அடைத்துவிடும், ஒரு வாரம் கழித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். ஒரு வாரம் கழித்தும் உடைசல் அப்படியே இருந்தது. அதாவது, சென்ற ஆண்டு தரையில் ஊற்றிய மருந்து இந்த நிலையை அரித்த கரையானை ஒழித்திருக்கக்கூடும். நான் புகார் செய்யாத நோயை அந்த மருந்து தீர்த்திருக்கிறது. முன்பு வந்த நிறுவனத்தின்மேல் எனக்கிருந்த கோபம் இதனால் பாதியாகக் குறைந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஈரப்பதமானியை நிலையின் அடியில் குத்தியபோது 24 சதவீதமும், தோள் உயரத்தில் 12 சதவீதமும் காட்டியது. உலர்ந்த வீட்டு மரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகவும் வழியுண்டு. சுவருக்குள் செல்லும் குழாய் கசிகிறது என்று அறிக்கையில் எழுதினார். பிளம்பர் வந்து உடைத்துப் பார்த்தபோது கசிவு உண்மையாகவே இருந்தது. கரையானை விரட்டிவிட்டு அதற்கு வேண்டிய ஈரத்தை மட்டும் விட்டுவைத்திருந்தேன்.

நான் காகிதத்தில் மடித்து வைத்திருந்த சிறகுகளைக் கொடுத்தேன். சென்ற மழையில் ஒரு மாலை விளக்கைச் சுற்றிப் பறந்து விழுந்தவை. நான்கு சிறகுகளும் ஒரே நீளமாக, பால் நிறத்தில், உடலைவிட நீண்டு இருந்ததைக் காட்டி, ஈசல்தான் என்றார். அதாவது சிறகு முளைத்த கரையான். இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியது சிறகு முளைத்த எறும்பு. எறும்புக்கு முன் சிறகு பெரியது, பின் சிறகு சிறியது. இடுப்பு நூல்போல ஒடுங்கியிருக்கும். உணர்கொம்பு முழங்கைபோல மடங்கியிருக்கும். ஈசலுக்கு இடுப்பே இல்லை, உணர்கொம்பு கோத்த மணிமாலைபோல நேராக இருக்கும். வெளியே விளக்கடியில் கிடந்தால் கவலையில்லை என்றும், மூடிய அறைக்குள் சன்னல் ஓரத்தில் குவியலாகக் கிடந்தால்தான் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியிருக்கின்றன என்று கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். நான் மடித்து வைத்தவை வராந்தாவில் பொறுக்கியவை.

சன்னல் சட்டத்தில் எறும்புகள் இருந்தன. மரத்தில் குடியேறும் பெரிய தச்செறும்பு மரத்தைத் தின்பதில்லை. இற்றுப்போன இடத்தைக் குடைந்து வீடாக்கிக்கொள்கிறது. குடைந்த அறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாற்போல வழவழப்பாக இருக்கும், மண் இருக்காது; வெளியே தள்ளும் தூளில் எறும்பின் கால், செத்த பூச்சியின் ஓடு என்று கலந்து கிடக்கும். என் சன்னலில் அப்படி எதுவும் இல்லை. அவை உள்ளே போய்வர வழி தேடும் சாதாரண எறும்புகள். ஒரே நிமிடத்தில் அந்தப் பக்கம் முடிந்தது.

வராந்தா உத்திரத்தின் அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நுழையாவிட்டாலும் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு, துளையிடும் கருவியால் போட்டது போல இரண்டு வட்டத் துளைகள். இதை நாங்கள் சிறுவயதிலிருந்தே கருவண்டு என்போம். அது வண்டு அல்ல, தச்சுத் தேனீ என்பது எனக்குப் புதுச் செய்தி. நேராக உள்ளே போய், பிறகு செங்கோணமாகத் திரும்பி, மர இழையின் போக்கிலேயே சுரங்கம் போட்டு முட்டையிடுகிறது; மரத்தைத் தின்பதில்லை. ஒரு தேனீயால் உத்திரம் விழுந்துவிடாது, ஆனால் ஆண்டுதோறும் அதே துளைக்குத் திரும்பி வந்து சுரங்கத்தை நீட்டிக்கொண்டே போகும் என்பதால், அவை வெளியேறிய பிறகு துளையை அடைத்து வர்ணம் பூசச் சொன்னார்.

இந்த ஆய்வின் மிகப் பெரிய பயன் என்று நான் கருதுவது, அவர் எதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொன்னாரோ அதுதான். வாசல் கதவின் பலகையில் ஏறக்குறைய முப்பது ஊசித்துளைகள் இருந்தன. மருந்து அடித்தவர்கள் அவற்றைக் காட்டித்தான் கதவையே மாற்ற வேண்டும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். இவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, துளையின் விளிம்பு கறுத்திருக்கிறது பாருங்கள் என்றார். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மை கசிந்தாற்போல ஒரு கறை. உள்ளே தூளே இல்லை. பச்சை மரத்தில் மட்டும் துளையிட்டு, உள்ளே பூஞ்சை வளர்த்து அதைத் தின்று வாழும் சிறு வண்டின் வேலை இது. கறை அந்தப் பூஞ்சையுடையது. மரம் உலர்ந்ததும் பூஞ்சை செத்தது, அதோடு பூச்சியின் கதையும் முடிந்தது. கதவு செய்வதற்கு முன்பே, மரம் வெட்டுக்களத்தில் கிடந்தபோது போட்ட துளைகள். அழகுக்குறை என்பதைத் தவிர வேறு தீங்கில்லை. மருந்து விற்காதவர் என்பதால்தான் இதை இவ்வளவு நிதானமாகச் சொல்ல முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பார்ப்பவரும் விற்பவரும் ஒருவராக இருக்கும்போது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்ற விடை வருவது அரிது.

தம் கைப்பையிலிருந்து ஒரு மாதிரிப் பெட்டியையும் காட்டினார். வீட்டு மரத்தில் வரக்கூடிய துளைகளை அளவு வாரியாக வெட்டி ஒட்டியிருந்தார். அனோபியம் என்னும் மரச்சாமான் வண்டின் துளை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். அதன் தூளை விரலில் தேய்த்தால் நெறுநெறுவென்றிருக்கும், ஏனெனில் அதில் நுண்ணிய எலுமிச்சை வடிவ மணிகள் கலந்திருக்கின்றன. மூங்கிலையும் வெட்டிய கட்டைகளையும் தாக்கும் வேறொரு குடும்பத்து வண்டின் தூள் துளைக்குள்ளேயே இறுகக் கெட்டித்திருக்கும். ஊசியிலை மரத்தைத் தாக்கும் ஒருவகை நீள்கொம்பு வண்டின் துளை மட்டும் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக, ஆறிலிருந்து பத்து மில்லிமீட்டர்வரை இருந்தது. அதன் புழு மரத்துக்குள்ளே மூன்றிலிருந்து பத்து ஆண்டுகள்வரைகூட இருக்கும் என்றார். துளையின் வடிவமும் விட்டமும், தூளின் நயமும் சேர்ந்தால் பூச்சியைப் பார்க்காமலே பெயரைச் சொல்லிவிடலாம் என்பதை அந்தப் பெட்டி நன்றாகவே உணர்த்தியது.

பெயர் தெரிந்தால் போதாது, பூச்சி இப்போதும் உள்ளே இருக்கிறதா என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. புதுத் துளையின் உள்விளிம்பு அப்போதுதான் அறுத்த மரம்போல வெளிறி இருக்கும், தூளும் வெளுப்பாக இருக்கும். பழைய துளை மங்கி, அழுக்கேறி, சிலவேளை உள்ளே வர்ணமோ வார்னிஷோ இறங்கியிருக்கும். ஆனால் பழைய துளையிலிருந்தும் தூள் உதிரலாம்; பக்கத்தில் நடந்தாலே, அலமாரியை நகர்த்தினாலே உதிரும். அதனால் தூளை மட்டும் நம்பக் கூடாது. அலமாரியில் இருந்த ஒவ்வொரு துளையையும் பென்சிலால் வட்டமிட்டார், மொத்தம் 41. பெட்டகத்தின் கீழே வெள்ளைத் தாளை விரித்து, அதன் ஓரத்தில் அன்றைய தேதியை எழுதினார். இனி வட்டமில்லாத துளை ஒன்று தெரிந்தால், அல்லது துடைத்துவிட்டு விரித்த தாளில் புதிதாக மணிகள் விழுந்தால், உள்ளே உயிர் இருக்கிறது. பென்சிலுக்கும் தாளுக்கும் ஆகும் செலவில் இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது.

இனி குறைகள். வெப்பப் படக் கருவியை அரைமணி நேரம் சுவர்களின்மேல் காட்டி வண்ணப் படங்கள் எடுத்தார். அது மேற்பரப்பின் வெப்ப வேறுபாட்டை மட்டுமே காட்டும். ஈரம் தேங்கிய இடத்தைக் கண்டுபிடிக்க உதவலாம், மரத்துக்குள் இருக்கும் ஒரு புழுவையும் அது காட்டாது. அறிக்கையில் நான்கு பக்கத்தை அந்தப் படங்களே நிரப்பியிருந்தன. ஈரப்பதமானி ஒரு நிமிடத்தில் சொன்னதற்கு மேல் அவை எதையும் சொல்லவில்லை. பரணைப் பார்க்கவே இல்லை. ஏணி கொண்டுவரவில்லை என்றார். அறிக்கையில் அதை "அணுக முடியாத பகுதி" என்று எழுதியிருந்தது சரியல்ல. ஏணி இல்லாதது பரணின் குற்றமா? மூன்று நாளில் தருவதாகச் சொன்ன அறிக்கை பத்தாம் நாள்தான் வந்தது. துளைகளின் படங்களில் பக்கத்தில் அளவுகோல் வைக்கவில்லை. விட்டத்தை வைத்தே பெயர் சொல்லும் துறையில் இது பெரிய கவனக்குறைவு. பூச்சிகளின் பெயர்கள் அறிவியல் பெயர்களாகவே இருந்தன. அவர் வாயால் விளக்காமல் இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

தீர்வைப் பற்றிய பகுதிதான் மிகவும் பலவீனமானது. அலமாரிக்கு போரேட் கரைசலைப் பூசலாம் என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. போரேட் நீரில் கரைந்து மரத்துக்குள் ஊறிச் செல்லும் உப்பு. வார்னிஷ் மூடிய மரத்தில் அது இறங்காது. வார்னிஷை உப்புத்தாள் போட்டு நீக்கிய பிறகே பூச வேண்டும் என்பதை நான் தச்சரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கேட்டபோது ஒப்புக்கொண்டு திருத்திய பக்கத்தை அனுப்பினார்கள். ஆனால் கேட்காதவர்கள் என்ன செய்வார்கள்? அதுபோலவே, பெட்டகத்துக்கு வீடு முழுவதையும் மூடி நச்சுப்புகை போடுவது ஒரு வழி என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு சாமானில் இருக்கும் உலர்மரக் கரையானுக்கு அது எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்துவது போன்றது. அந்தச் சாமானை மட்டும் எடுத்துச் சென்று, மரத்தின் நடுப்பகுதிவரை 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும்படி வெப்ப அறையில் வைத்திருந்தால் போதும். நான் அதைத்தான் செய்தேன். திரும்பி வந்தபோது பெட்டகத்தின் ஒரு பலகை வளைந்து கதவு சற்று இறுகியது, அவ்வளவுதான். மண் கரையானின் கூட்டம் லட்சக்கணக்கில் இருக்கலாம். உலர்மரக் கரையானின் கூட்டம் பெரும்பாலும் சில ஆயிரத்தைத் தாண்டாது, மெதுவாகவே பெருகும். இந்த வேறுபாட்டைச் சொல்லியிருந்தாலே, உடனே அஞ்சி முடிவெடுக்க வேண்டியதில்லை என்பது படிப்பவருக்கு விளங்கியிருக்கும்.

ஆகவே, எந்தப் பூச்சி என்று கண்டறியும் வேலையில் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். எழுதித் தரும் வேலையில் இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. மண் குழாய் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, உடைத்தால் வெள்ளைக் கரையான் ஓடுகிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இந்த ஆய்வு தேவையில்லை. அவர்கள் நேராக மருந்துக்குப் போகலாம். தூள் கொட்டுகிறது, எதனால் என்று தெரியவில்லை, ஒருமுறை மருந்தடித்தும் நிற்கவில்லை என்பவர்கள் அவசியம் அழைக்கலாம். அழைக்கும்போது ஏணி கொண்டுவருவீர்களா, படங்களில் அளவுகோல் வைப்பீர்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வந்தவர் தூளைத் தொட்டுப் பார்க்காமல் பெயரைச் சொன்னால், அவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் அந்தப் பெயரை நம்ப வேண்டாம்.

பெட்டகத்தின் கீழே விரித்த தாளில் மூன்று மாதமாக ஒரு மணியும் விழவில்லை. அலமாரித் துளைகளைச் சுற்றி இட்ட வட்டங்களைத் தச்சர் உப்புத்தாள் போடும்போது அழித்துவிட்டதால், போரேட் பூசி உலர்ந்த பிறகு நானே மீண்டும் ஒவ்வொன்றாக வட்டமிட்டேன். சென்ற வாரம் எண்ணியபோது வட்டத்துக்கு வெளியே இரண்டு புதுத் துளைகள் இருந்தன, விளிம்பு வெளிறியவை. கரைசல் எட்டாத ஆழத்தில் இருந்த புழுக்கள் வளர்ந்து வெளியேறுவது சிலகாலம் தொடரும் என்று திருத்திய பக்கத்தில் எழுதியிருந்தார்கள். இரண்டையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். ஓராண்டு முடிந்ததும் சிவப்பு வட்டங்களை எண்ணி இந்த மதிப்புரையின் கீழே சேர்ப்பேன்.